கையுறைக்குள் இருந்த இரத்தம்: வன்னியில் ஓர் இரவுக் கடமையின் நிகழ்வு ஆய்வு

காலை ஆறேகால் மணி. வைத்தியசாலை விடுதியைத் துடைக்க வந்த சிற்றூழியர் அக்கா என்னைக் கூப்பிட்டு, இடுக்கியால் பிடித்தபடி ஒரு கையுறையைக் காட்டினார். ஆண்கள் விடுதியில் இரத்தம் பட்ட கையுறை ஒன்றும் புதுமையில்லை. ஆனால் இது கழற்றும்போது உட்பக்கம் வெளியே புரண்டு வந்த கையுறை. அந்த உட்பக்கத்தில், சுட்டுவிரல் நுனியில், இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"மிஸ், இது நோயாளியிட ரத்தமில்லை. போட்டிருந்த ஆளிட ரத்தம்" என்றார்.

இருபது வருடமாக வாளியும் துடைப்பமுமாக அந்த விடுதியில் நிற்கிறவர் அவர். அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்த நிகழ்வு எங்கள் எவருக்கும் தெரிய வந்திராது. இரண்டாம் ஆண்டுத் தாதிய மாணவி ஒருத்தி, தனக்கு ஊசி குத்தியதை எட்டு மணித்தியாலத்துக்கு மேலாக மனதுக்குள் வைத்துக்கொண்டு கடமை செய்திருந்தாள்.

வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன். வன்னியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே போக வேண்டிய ஓர் இடம் என்றால் போதும். மாணவியையும் நோயாளிகளையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் அப்போது அந்த மாணவர் அணியின் விடுதிப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தேன். ஆகவே இதில் வரும் பிழைகளில் என்னுடையதும் உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அன்றிரவு நடந்தது

காலபோக அறுவடைக் காலம். எங்கள் பக்கத்தில் அந்த மாதங்களில் பாம்புக்கடி ஓயாது. யானைக் காவலுக்குப் போகிறவர்கள் இருட்டில் வரம்பில் நடப்பார்கள், பாதிப்பேர் வெறுங்காலோடு. நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் புடையன் வரும்.

இரவு 9.10க்கு முதலாமவர் வந்தார். அறுபது வயது கடந்தவர், கணுக்காலில் கடி. பாம்பை ரோச் வெளிச்சத்தில் கண்டிருக்கிறார், முத்திரைப் புடையன் என்று உறுதியாகச் சொன்னார். கண்ணாடி விரியன் என்று சொல்வதும் அதைத்தான். 9.35க்கு இரண்டாமவர். முப்பதுகளில் இருப்பவர், விறகு எடுக்கப் போன இடத்தில் கையில் ஏதோ கடித்திருக்கிறது, பாம்பைக் காணவில்லை, வீக்கமும் இல்லை. இருவரையும் 11ஆம், 12ஆம் கட்டில்களில் அடுத்தடுத்துப் படுக்க வைத்தார்கள். இருவருக்கும் ஒரே பெயர். தகப்பன் பெயர் மட்டும் வேறு. அவர்களைப் பெரியவர், இளையவர் என்றே இனிக் குறிப்பிடுகிறேன்.

வைத்தியர் இருவருக்கும் இருபது நிமிட இரத்தம் உறைதல் சோதனை செய்யச் சொன்னார். பாம்புக்கடி விடுதியில் வேலை செய்தவர்களுக்கு இது கைப்பழக்கம். நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சரித்துப் பார்ப்பது. கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர் போல ஓடினால் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் குலைத்துவிட்டது, ஏவிஎஸ் என்ற பாம்பு நஞ்சுமுறி மருந்தைத் தொடங்க வேண்டும்.

அந்த நேரம் விடுதியில் ஒரு தாதிய உத்தியோகத்தரும் இரண்டு மாணவிகளும். உத்தியோகத்தர் மறுகோடியில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒருவரோடு நின்றார். "நீ போய் எடு, உனக்குத் தெரியும்தானே" என்று மாணவியை அனுப்பினார். அவளுக்குத் தெரியும்தான். முன்பு மூன்று தடவை, பக்கத்தில் ஆள் நிற்க, சரியாகச் செய்திருக்கிறாள். தனியாக இதுதான் முதல் தடவை.

இரண்டு குழாயையும் ஒரே தட்டத்தில் கொண்டுபோனாள். பெயர் எழுதவில்லை, எடுத்த பிறகு எழுதலாம் என்று நினைத்தாள். ஒருவருக்கு எடுத்துக் குழாயில் விட்டாள், அப்புறம் மற்றவருக்கு எடுத்தாள். இரண்டாவது ஊசியைப் போடுவதற்கு ஊசிப்பெட்டி பக்கத்தில் இல்லை. அது மருந்து மேசைக்கு அடியில், ஏழெட்டுக் கட்டில் தள்ளி இருந்தது. திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்கப் பயந்து மூடியைத் திருப்பிப் போடப் பார்த்தாள். ஊசி மூடியைத் தவறவிட்டு இடது சுட்டுவிரலில் ஏறியது.

அதற்குப் பிறகு வந்த பத்து நிமிடத்தில்தான் எல்லாம் குழம்பியது. தட்டத்தை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த சிறு அலுமாரியின் மேல் வைத்துவிட்டு குழாயடிக்கு ஓடினாள். கையுறையைக் கழற்றி வாளியில் போட்டாள், கழுவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், புதுக் கையுறை போட்டாள். திரும்பி வந்தபோது தட்டத்தில் இரண்டு குழாய்கள் ஒன்றுபோல நின்றன. நினைவிலிருந்து 11 என்றும் 12 என்றும் ஒட்டினாள். நேரத்தையும் உத்தேசமாகத்தான் எழுதினாள்.

10.25 அளவில் சரித்துப் பார்த்தபோது 11 உறைந்திருந்தது, 12 உறையவில்லை. அதாவது புடையனைக் கண்ணால் கண்ட பெரியவருக்கு ஒன்றுமில்லை, வீக்கமே இல்லாத இளையவருக்கு நஞ்சேறியிருக்கிறது. ஏவிஎஸ் குப்பிகளைக் கரைக்கத் தொடங்கிவிட்டார்கள். வைத்தியர் இளையவரிடம் போகிற வழியில் பெரியவரின் கட்டிலடியில் நின்றார். பெரியவர் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார், எச்சில் சிவந்திருந்தது. வாயைத் திறக்கச் சொன்னார், பல் முரசில் இரத்தம் கசிந்தது. கால் வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது.

"இது சரிவராது. ரெண்டு பேருக்கும் திருப்பி எடுங்கோ" என்றார். இரத்தக் கசிவு தெளிவாகத் தெரிந்ததால் மறுசோதனைக்குக் காத்திருக்காமல் பெரியவருக்கே ஏவிஎஸ் தொடங்கினார். அப்போது 10.45. மறுசோதனையில் பெரியவரின் இரத்தம் உறையவில்லை, இளையவரின் இரத்தம் உறைந்தது. குழாய்கள் மாறியிருந்தன.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு செய்த சோதனையில் இரத்தம் உறையத் தொடங்கியது. சிறுநீரின் அளவைச் சில நாள் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இளையவர் மறுநாள் மாலையே போய்விட்டார்.

கணக்குப் பார்த்தால் பெரியவருக்கு ஏற்பட்ட தாமதம் ஏறத்தாழ 20 நிமிடம். அது சிறிதாகத் தோன்றலாம். இளையவருக்கு நடக்க இருந்தது சிறிதல்ல. ஏவிஎஸ் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து, கடுமையான ஒவ்வாமையைத் தரக்கூடியது. இலங்கையில் நடந்து 2011இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றுக்குப் பிறகுதான், மருந்தைத் தொடங்க முன் தோலின் கீழ் 0.25 மில்லிகிராம் அட்ரினலின் கொடுக்கும் முறை உறுதிப்பட்டது. தேவையில்லாத ஒருவருக்கு அதை ஏற்றுவது, நல்லாயிருக்கும் ஒருவரை ஆபத்தில் தள்ளுவதுதான்.

மாணவி ஏன் சொல்லவில்லை

காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கையைக் காட்டு பிள்ளை என்றேன். காட்டினாள். விரல் நுனியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"குத்தின உடன சொல்லத்தான் வெளிக்கிட்டனான் மிஸ். அதுக்குள்ள ரியூப் மாறின பிரச்சினை வந்திட்டுது. எல்லாருக்கும் முன்னால ஏச்சு விழுந்தது. பிறகு இதையும் சொன்னா, என்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம் எண்டு நினைச்சன்."

அடுத்து நான் கேட்ட கேள்விக்கு அவள் சொன்ன பதிலில்தான் எனக்கு உண்மையில் வயிறு கலங்கியது. எந்த நோயாளியின் ஊசி குத்தியது என்று கேட்டேன். "கடைசியா எடுத்தது பன்னிரண்டு எண்டு நினைக்கிறன். நிச்சயமில்லை மிஸ்." குழாய் மாறியது எந்தக் குழப்பத்தினாலோ, குத்திய ஊசி யாருடையது என்று தெரியாமல் போனதும் அதே குழப்பத்தினால்தான். அதுவரை நாங்கள் இவற்றை இரண்டு சம்பவங்களாக, இரண்டு படிவங்களில் எழுதத் தயாராக இருந்தோம். ஊழியர் பாதுகாப்புக்கு ஒன்று, நோயாளி பாதுகாப்புக்கு மற்றது. அன்று காலை அது ஒரே சம்பவமாகிவிட்டது. குத்திய விரலோடு ஓடியவளின் தட்டத்தில் குழாய் மாறியது. குழாய் மாறியதற்கு ஏச்சு வாங்கியவள் விரலை மறைத்தாள்.

இரு நோயாளிகளிடமும் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் பெற்று, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் இரத்தம் எடுத்தோம். பெரியவர் கையை நீட்டியபடி, "எனக்காக நிண்ட பிள்ளையெல்லோ, எடுங்கோ" என்றார். மதியத்துக்குள் முடிவு வந்தது, எல்லாம் எதிர்மறை.

அந்த எட்டு மணித்தியாலத்தின் விலை

மாணவர்கள் பலருக்கு ஊசி குத்தினால் எச்ஐவி என்ற ஒரு பயம்தான் தெரியும். உண்மையான வரிசை வேறு. நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு 1000இல் 3 அளவுதான். ஹெபடைடிஸ் சி 100இல் 2க்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு 100இல் 6 முதல் 30 வரை. அதிகம் தொற்றக்கூடியதும் அதுதான், தடுப்பூசியால் தடுக்கக்கூடியதும் அதுதான்.

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி 2003இல் சேர்ந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் குழந்தையிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் போட்டது வேறு, இன்று உடம்பில் எதிர்ப்பு அளவு காட்டுகிறதா என்பது வேறு. எங்கள் அணியில் எவருக்கும் அந்த அளவைப் பார்த்திருக்கவில்லை. இது என் பொறுப்பில் விடுபட்டது. விடுதிக்குள் கால் வைக்க முன் செய்திருக்க வேண்டியதை, விரலில் ஊசி ஏறிய பிறகு செய்தோம். அவளுடைய அளவு, வேண்டிய 10 mIU/mLக்குக் குறைவாக இருந்தது. அன்றே மேலதிகத் தடுப்பூசி போட்டோம்.

எச்ஐவிக்கான தடுப்பு மருந்து தேவைப்பட்டால், முதல் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதுதான் நல்லது. 72 மணித்தியாலம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் எடுக்க வேண்டும். அவளுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால், முக்கியமான முதல் எட்டு மணித்தியாலத்தை அவள் நோயாளிகளின் காய்ச்சல் அளவு எழுதுவதில் கழித்திருப்பாள்.

ஒன்றை அவள் சரியாகச் செய்திருந்தாள். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிதுக்கவில்லை, ஸ்பிரிட்டோ குளோரினோ ஊற்றவில்லை. பிதுக்கினால் விஷம் வெளியே போய்விடும் என்று இன்றைக்கும் சில மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பிழை, சதை நசிவதுதான் மிச்சம்.

காரணங்கள்

ஊசிப்பெட்டி இருந்த இடத்தை நானே அளந்து பார்த்தேன். 11ஆம் கட்டிலிலிருந்து நடந்தால் 19 எட்டு. ஊசியைத் திருப்பி மூடாதே என்று வகுப்பில் நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். பெட்டியை 19 எட்டுத் தள்ளி வைத்துவிட்டு அதைச் சொல்வதில் அர்த்தமில்லை. அந்தப் பிள்ளை விதியை மறந்து மூடவில்லை. திறந்த ஊசியோடு ஆட்கள் நடமாடும் நடைபாதையால் போவதைவிட மூடுவது பாதுகாப்பு என்று யோசித்துத்தான் மூடினாள்.

மூடும் பழக்கத்துக்கு இங்கே ஒரு பின்கதையும் இருக்கிறது. எங்கள் மூத்த தாதியர்களில் பலர் யுத்தக் காலத்தில் வன்னிக்குள் வேலை செய்தவர்கள். பொருள் வராது, வந்தது போதாது. எதையும் எறியாமல், மூடி, பத்திரப்படுத்திப் பழகிய கைகள் அவை. 2022இல் நாட்டுக்கே மருந்தும் கையுறையும் தட்டுப்பட்டபோது அந்தப் பழக்கம் திரும்பவும் தலை தூக்கியது. மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்தல்ல, அந்தக் கைகளைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அந்த மூத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். ஆனால் அவர்களோடு உட்கார்ந்து பேசாமல், மாணவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்தது என் தவறு.

கண்ணாடிக் குழாய் விஷயமும் அப்படித்தான். தட்டுப்பாட்டில் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவித் திரும்பப் பாவித்த குழாய்கள் இரண்டு மூன்று தட்டில் கிடந்தன. கண்ணாடியின் பரப்புப் பட்டுத்தான் இந்தச் சோதனையில் இரத்தம் உறையத் தொடங்குகிறது. சவர்க்காரம் படிந்த கண்ணாடியிலோ பிளாஸ்ரிக்கிலோ நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம். அன்றிரவு பாவித்தவை புதிய குழாய்கள், அதில் தப்பினோம். ஆனால் தேடப் போனதால்தான் அவை கண்ணில் பட்டன. எல்லாவற்றையும் அன்றே அகற்றினோம்.

அடுத்தது பெயர் கேட்கும் விதம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ச் சனத்தைத் தெரியாமல் இது விளங்காது. மாணவி மறுசோதனைக்குப் போனபோதுகூட, "நீங்கள்தானே" என்று பெயரைச் சொல்லித்தான் கேட்டாள். இருவரும் "ஓம் மிஸ்" என்றார்கள். பெயர் ஒன்றாக இருந்தபடியால் அது உண்மையும்தான். ஆனால் பெயர் வேறாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் ஓம் என்றுதான் சொல்வார்கள். வெள்ளை உடுப்பைக் கண்டால் மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்ற எண்ணம். காது கேட்கவில்லை என்றாலும் ஓம், விளங்கவில்லை என்றாலும் ஓம். அடுத்த கட்டில்காரரின் குளிசையை ஓம் என்று சொல்லி வாங்கி விழுங்கிய ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அதனால் ஓம் என்று பதில் வரக்கூடிய கேள்வியே கேட்கக் கூடாது. "உங்கட முழுப்பேர் என்ன ஐயா? தகப்பன்ட பேர்?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதை ரிக்கற்றில், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில், எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். கட்டில் இலக்கம் அடையாளமே இல்லை. காற்று வேண்டும் என்று யன்னலோரக் கட்டிலுக்கு மாறிப் படுப்பவர்கள் எல்லா விடுதியிலும் உண்டு.

மேற்பார்வை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு தாதி, இரண்டு மாணவிகள், நிறைந்த விடுதி. மாணவி கற்க வந்தவள் என்பது மறந்து, கூடுதல் கை ஆகிவிட்டாள். உத்தியோகத்தர் மூச்சு முட்டியவரை விட்டுவிட்டு வந்திருக்கவும் முடியாது.

பிரித்தானிய உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் விளக்கிய ஒரு கருத்து இருக்கிறது. பாதுகாப்பு என்பது பல அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டை உண்டு, ஓட்டைகள் நேருக்கு நேர் வரும்போதுதான் விபத்து. மாணவர்களுக்கு நான் இதைக் கிடுகுக் கூரையை வைத்துச் சொல்வேன். ஓட்டையில்லாத கிடுகு கிடையாது. ஒன்றின் ஓட்டையை மற்றது மூடும்படி வேய்ந்தால் மழை உள்ளே வராது. அன்றிரவு பெட்டி, பெயர், மேற்பார்வை என்று எல்லாக் கிடுகிலும் ஓட்டை. கடைசிக் கிடுகாக நின்றது, போகிற வழியில் ஒரு கோப்பைக்குள் எட்டிப் பார்த்த வைத்தியரின் கண்.

செய்த மாற்றங்கள்

முதலில் பெட்டி. இரத்தம் எடுக்கும் தட்டத்தோடு சேர்ந்தே போகும் சிறிய ஊசிப்பெட்டி ஒன்று வைத்தோம். தட்டத்தை எடுத்தால் பெட்டியும் வரும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி அனுப்ப வேண்டும். நிரம்பி வழியும் பெட்டிக்குள் ஊசியைத் தள்ளும்போதும் குத்து விழும்.

ஒரு தடவைக்கு ஒரு நோயாளி, ஒரு குழாய். பெயரும் தகப்பன் பெயரும் ரிக்கற் இலக்கமும் கட்டிலடியில் எழுதி முடித்த பிறகுதான் அடுத்தவர். இரத்தம் விட்ட நேரத்தைக் குழாயிலேயே எழுதுவது. எடுத்தவர் இடையில் எந்தக் காரணத்துக்காகவும் தட்டத்தை விட்டுப் போக நேர்ந்தால், அந்தக் குழாய்களை எறிந்துவிட்டுப் புதிதாக எடுப்பது. இந்தக் கடைசி விதிக்கு எதிர்ப்பு வந்தது, குழாய் வீண் என்றார்கள். ஒரு ஏவிஎஸ் குப்பியின் விலையைச் சொன்ன பிறகு அடங்கினார்கள்.

ஏச்சு பற்றியும் பேசினோம். அதுதான் கஷ்டமான கூட்டம். அந்த உத்தியோகத்தர் அழுதார். அவரும் மாணவியாக இருந்தபோது இப்படித்தான் ஏச்சு வாங்கிப் பழகியவர். முடிவில் ஒன்றை ஒப்புக்கொண்டோம். பிழை நடந்த உடனே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உனக்கு ஏதும் பட்டதா?" என்பது. மற்ற எல்லாம் பிறகு. அன்றிரவு யாராவது ஒருவர் அதைக் கேட்டிருந்தால் 10.30க்கே விரலும் தெரிந்திருக்கும், குழாய் மாறிய காரணமும் தெரிந்திருக்கும்.

விடுதிக்கு வர முன் ஒவ்வொரு மாணவருக்கும் ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு அளவு பார்ப்பதும் அந்த அணியோடு தொடங்கியது. குறைவாக இருந்தவள் அவள் மட்டுமல்ல.

பிறகு வந்த மூன்று மாதத்தில் மாணவர்கள் ஐந்து ஊசிக்குத்துகளை அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பதிவானது ஒன்றுகூட இல்லை. குத்து கூடிவிட்டதே என்று மேலிடத்தில் கேட்டார்கள். கூடவில்லை, இப்போதுதான் வாய் திறக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்திலும் மிகவும் தாமதமாக வந்த அறிவிப்பு 40 நிமிடம்.

மாணவிக்கு ஆறாவது வாரத்திலும், மூன்றாவது, ஆறாவது மாதங்களிலும் இரத்தம் பார்த்தோம், எல்லாம் நலம். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை அவள் வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையைத் தனியாக வைத்திருந்தாள் என்று பிறகுதான் சொன்னாள். அப்படி ஒன்றும் தேவையில்லை என்று நான் முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது புதிய அணி வந்ததும் முதல் நாளில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பது ஒரே கேள்விதான். இன்றிரவு இரண்டு மணிக்கு உனக்கு ஊசி குத்தினால் யாரிடம் சொல்வாய்? "சிஸ்டரிட்ட" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. கடமையில் இருக்கும் ஆளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். அவை மருந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு மாலையும் புதிதாக எழுதி வைப்பது அந்தச் சிற்றூழியர் அக்கா.